கஹ்லாவுக்கு வழி தெரியும்

விடிந்ததும் மக்கியா செய்யும் முதல் வேலை, தண்ணீரைக் குனிந்து அள்ளி நாக்கில் வைத்துப் பார்ப்பது. முகம்கூடக் கழுவியிருக்க மாட்டாள். ருசி பார்த்ததைத் துப்பவும் மாட்டாள், விழுங்கிவிடுவாள். எங்கள் வீடுகள் நின்ற இரண்டு நாணல் மேட்டுக்கும் நடுவே ஓர் ஓடம் திரும்புகிற அகலத்துக்குத்தான் தண்ணீர் கிடந்தது. அதனால் அவள் முகம் சுளிக்கிறாளா இல்லையா என்பது என் வாசலிலிருந்தே தெரியும். அந்தக் கோடை முழுக்க அவள் ஒரு நாளும் சுளிக்கவில்லை. எனக்கு அதுதான் எரிச்சல். என் வாயெல்லாம் உப்பில் வெந்து கிடந்தது. இவள் நாக்கு மட்டும் என்ன மரத்தால் செய்ததா?

"எப்படி இருக்கு?" என்று கேட்பேன்.

"நேத்தைக்கு இன்னைக்குத் தேவலை, உம் ஹாதி."

"பொய் சொன்னா நாக்கு அழுகிப்போகும்."

"உப்புல ஊறின நாக்கு எங்க அழுகுறது?" என்று சிரிப்பாள். சிரித்துக்கொண்டே எருமைகளைப் பார்க்கப் போய்விடுவாள்.

ஊரில் அவளை உம் நயீம், அதாவது நயீமின் அம்மா, என்பார்கள். நயீம் அவளுடைய ஒரே மகன். எனக்கு மட்டும் அவள் மக்கியா. சின்ன வயதில் ஒரே ஓடத்தில் நாணல் அறுக்கப் போனவர்கள் நாங்கள். அவளுக்கு என்னைவிட இரண்டு வயது கூட, எடை என்னில் பாதி. காய்ந்த மீன் மாதிரி இருப்பாள். அந்த உடம்புக்குள் இருந்த பிடிவாதத்தை எடை போட்டால் எந்த ஓடமும் தாங்காது.

அந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். யூப்ரடிஸ் ஓரத்து எங்கள் சதுப்பு நிலம் ஏற்கனவே ஒரு தடவை செத்துப் பிழைத்தது. அப்போது இருந்த அரசு எங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் கரை கட்டி, கால்வாய் வெட்டி, தண்ணீரை வேறு பக்கம் திருப்பிவிட்டது. நாணல் காய்ந்தது, தீ வைத்தார்கள். நாங்கள் ஆளுக்கு ஒரு திக்காக ஓடினோம். மக்கியாவும் அவள் புருஷனும் தலைநகரத்துக்கு வெளியே ஒரு செங்கல் சூளையில் வேலைக்குப் போனார்கள். அங்கேதான் நயீம் பிறந்தான். அங்கேயே சூளைப் புகை புருஷனின் நெஞ்சைத் தின்றுவிட்டது. சூளை முற்றத்தில், சாக்கடைத் தண்ணீர் தேங்கும் ஒரு குழியில், அவள் ஒரே ஒரு எருமைக் கிடாரியை வளர்த்துக்கொண்டிருந்தாள். சூளைக்காரர்கள் சிரித்தார்கள். "எருமைக்காரி, உன் சதுப்பு இப்ப கோதுமை வயல்" என்றார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. தண்ணீர் திரும்பி வரும், அன்றைக்கு எருமை இல்லாமல் எப்படிப் போய் நிற்பது என்பதே அவள் கவலை.

வருஷங்கள் போயின. அந்த அரசு விழுந்தது. அது விழுந்த அன்றே எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு போய்க் கரைகளை உடைத்தார்கள். மக்கியா சிறுவன் நயீமையும் எருமையையும் கூட்டிக்கொண்டு நடந்தே ஊர் திரும்பினாள். சிபாயிஷ் நகரத்தைத் தாண்டி எங்கே பார்த்தாலும் வெடித்த சேறு, வெள்ளை உப்பு. தண்ணீர் வந்தது என்று சொன்னது வதந்தியோ என்று அவளே நின்றுவிட்டாளாம். அப்போது எருமை மூக்கை மேலே தூக்கியது. தலையை அப்படியே தூக்கி வைத்துக்கொண்டு, காலை உயர உயர எடுத்து வைத்து, யாரையும் கேட்காமல் நடந்தது. இவள் பின்னாலேயே ஓடினாள். காய்ந்த நாணலுக்கு அந்தப் பக்கம் வெயிலில் தகதகவென்று தண்ணீர்.

இந்தக் கதையை அவள் சொல்லாத கல்யாண வீடு கிடையாது, சாவு வீடும் கிடையாது. அந்த எருமைக்குப் பிறந்தவள்தான் கஹ்லா. கண்ணைச் சுற்றி மை தீட்டியது போல் இருப்பாள், அதனால் அந்தப் பெயர். மக்கியாவின் கூட்டத்துக்குக் கஹ்லாதான் தலைவி. எங்கள் எருமைகளை யாரும் கட்டிப்போடுவதில்லை, மேய்ப்பதும் இல்லை. விடியலில் தலைவி இறங்குவாள், மற்றவை பின்னால் இறங்கும். அந்தி சாயும்போது தலைவி திரும்புவாள், மற்றவையும் திரும்பும். எங்களிடம் மிச்சம் இருந்த இரண்டு எருமைகளும் கஹ்லாவுக்குப் பின்னால்தான் போய்வந்தன. தலைவியை விற்றவன் கூட்டத்தையே விற்றவன் என்று எங்கள் ஆண்கள் சொல்வதில் ஒரு மிகையும் இல்லை. அவள் போய்விட்டால் மற்றவை எந்த வாசலுக்குத் திரும்புவது என்று தெரியாமல் நிற்கும்.

சரி, அந்தக் கோடைக்கு வருகிறேன். இந்தத் தடவை எந்த அரசும் கரை கட்டவில்லை, யார் மேலும் கோபப்பட முடியவில்லை. மழை இல்லை. ஆற்றின் மேல்பக்கம் அணை கட்டியவர்கள் தங்கள் வயலைப் பார்த்துக்கொண்டார்கள். எங்களுக்கு வந்தது அவர்கள் வயலைக் கழுவிய மிச்சம். தண்ணீர் நாளுக்கு ஒரு விரல் இறங்கியது. இறங்க இறங்க உப்பு ஏறியது. ஒரு காலையில் மீன்கள் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு வாசல் வரைக்கும் மிதந்து வந்து நின்றன, யாரோ எண்ணிப் பார்க்கச் சொன்ன மாதிரி வரிசையாக. பறவைகள்கூட அவற்றைத் தொடவில்லை. சத்தமே இல்லாத ஊரில் இருப்பது எப்படி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. தவளை இல்லை, நீர்க்கோழி இல்லை. காற்றடித்தால் காய்ந்த நாணல் உரசுகிற சத்தம் மட்டும் கேட்கும்.

ஒவ்வொரு வீடாகப் போய்க்கொண்டிருந்தது. போகிறவர்கள் சொல்லிக்கொள்வதைக்கூட விட்டுவிட்டார்கள். காலையில் பார்த்தால் கூரை நாணலை உருவி எடுத்துக்கொண்டு போயிருப்பார்கள், வளைவுகள் மட்டும் விலா எலும்பு மாதிரி நிற்கும். கரை மேல் ஹமூதின் வெள்ளை வண்டி எப்போதும் நின்றது. ஹமூத் மாட்டுத் தரகன். இறங்கி வந்து யாரையும் கேட்கமாட்டான். வண்டிக் கதவைத் திறந்து வைத்து, காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். இன்றைக்கு இல்லாவிட்டால் நாளைக்கு நாமே அவனிடம் போவோம் என்று அவனுக்குத் தெரியும். அவனுக்கும் பொறுமை இருந்தது, அதுதான் வேடிக்கை.

நயீமின் மனைவி குழந்தைகளோடு ஏற்கனவே தன் அப்பா வீட்டுக்குப் போய்விட்டாள். கைக்குழந்தைக்கு அந்தத் தண்ணீரால் வயிறு நிற்கவில்லை. நயீம் இங்கும் அங்கும் அலைந்துகொண்டிருந்தான். ஒரு மாலை என் வீட்டு வாசலில் வைத்தே அம்மாவும் பிள்ளையும் மோதிக்கொண்டார்கள். என் வீட்டுக்காரர் அபூ ஹாதி தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.

"ஆத்தங்கரைக்குப் போயிருவோம்மா. பாலத்துக்குக் கீழ இடம் இருக்கு. ஆத்துத் தண்ணியாவது ஓடுது" என்றான் நயீம்.

"கஹ்லா கன்னு போடட்டும்."

"அவ போடுறதுக்குள்ள நாம செத்துருவோம்."

"நாம ரெண்டு பேரும் சூளையிலேயே செத்திருக்கணும்டா. சாகலை. பொறுத்தோம், வந்தோம்."

"அப்ப கரையை உடைச்சாங்க, தண்ணி வந்துச்சு. இப்ப எதை உடைக்கிறது? வானத்தையா?"

மக்கியா அரிசி ரொட்டியைப் பிய்த்துத் தேநீரில் நனைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னாள், "நிறைமாசக்காரியை வெயில்ல அவ்வளவு தூரம் நடத்தக் கூடாது, அபூ ஹாதி. வழியில கன்னு விழுந்துச்சுன்னா தாயும் போகும். நீங்களே சொல்லுங்க."

அதில் நியாயம் இருந்தது. என்னைக் கடுப்பேற்றியதே அதுதான். மக்கியாவின் பிடிவாதத்தில் எப்போதும் ஒரு பிடி நியாயம் இருக்கும், அதை வைத்துக்கொண்டு அவள் ஒரு வண்டிப் பிடிவாதம் பிடிப்பாள். அபூ ஹாதி தலையாட்டினார். அவருக்கும் போக மனமில்லை என்பது எனக்குத் தெரியும். ஊரைவிட்டு ஒரு தடவை போனவர்களுக்கு இரண்டாம் தடவை போவது முதல் தடவையைவிடக் கஷ்டம்.

"மக்கியா நல்லா பேசுறா, ஹமூத் நல்லா காத்துக்கிட்டிருக்கான்" என்றேன் நான்.

"உம் ஹாதிக்கு வாய் மட்டும் வத்தவே வத்தாது. அதை மடைமாத்தி விட்டா சதுப்பு ரொம்பிரும்" என்றாள் மக்கியா. நயீம்கூடச் சிரித்துவிட்டான். அந்த வாசலில் நாங்கள் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

அதற்கடுத்த நாட்களில் எருமைகளின் கண்கள் ஒழுக ஆரம்பித்தன. உப்புத் தண்ணீரில் முங்கி முங்கி எல்லாவற்றுக்கும் இமை வீங்கியது. எங்கள் இரண்டுக்கும் அப்படித்தான். மக்கியா ஆறிய தேநீரில் துணி நனைத்து ஒவ்வொன்றுக்கும் கண் துடைத்துவிட்டாள். கஹ்லாவின் இடது கண்ணில் பாலாடை படிந்த மாதிரி வெள்ளை விழுந்திருந்ததை நானே பார்த்தேன்.

"இது என்ன, மக்கியா?"

"தூசி. துடைச்சாப் போயிரும்."

"போகலைன்னா?"

"போகலைன்னா என்ன? கண்ணை மூடிக்கிட்டே போய்ட்டு வருவா. கஹ்லாவுக்கு வழி தெரியும்."

துணியைப் பிழிந்து மறுபடி நனைத்தாள். கஹ்லா தலையை அவள் தோளில் சாய்த்துக்கொண்டு நின்றது. வயிறு இரண்டு பக்கமும் புடைத்து, உள்ளே கன்று புரள்வது தோலுக்கு மேலே தெரிந்தது. மக்கியா என் கையைப் பிடித்து அங்கே வைத்தாள். உதை விழுந்தது. கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

பிறகு ஒரு காலை. கஹ்லா இறங்கியபோது வழக்கமான பக்கம் திரும்பவில்லை. வடக்கே, பெரிய குட்டை இருந்த பக்கம் திரும்பியது. நாங்கள் அந்தப் பக்கம் போய்ப் பல மாதம் ஆகியிருந்தது. மூக்கை மேலே தூக்கி வைத்திருந்தது. கால்களை உயர உயர எடுத்து வைத்து, மெதுவாக, நிச்சயமாக நடந்தது. மற்றவை பின்னால் போயின. மக்கியா வாசலில் அப்படியே நின்றுவிட்டாள். அவள் கையில் இருந்த பால் குண்டான் சாய்ந்து ஊற்றிக்கொண்டிருந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"உம் ஹாதி! வா, வந்து பாரு! அவ அம்மா நடந்த மாதிரியே நடக்குறா!"

நான் வந்தேன், பார்த்தேன். என் வீட்டுக்காரரும் பார்த்தார். உண்மையைச் சொல்லவேண்டுமே, எனக்கும் மயிர்க்கூச்செறிந்தது. அத்தனை வருஷம் கேட்டுக் கேட்டுப் புளித்த கதை கண்ணுக்கு முன்னால் நடந்தது. "மூக்கைத் தூக்குனா தண்ணிதான். வாசனை இல்லாம அவ அப்படி நடக்கமாட்டா" என்றாள் மக்கியா. மேல்பக்கம் எங்கோ அணை திறந்திருப்பார்கள் என்றார் அபூ ஹாதி. அன்று மாலை கஹ்லா கூட்டத்தோடு திரும்பியும் வந்தது. கால் முழுக்க ஈரச் சேறு அப்பியிருந்தது. சேறு இருந்தால் தண்ணீரும் இருக்கத்தானே வேண்டும்? போவதற்குக் கட்டி வைத்திருந்த மூட்டைகளில் ஒன்றை அபூ ஹாதி அவிழ்த்துத் தன் கம்பளியை வெளியே எடுத்துப் போட்டார்.

நயீம் மட்டும் நம்பவில்லை. மறுநாள் விடிந்ததும் கிளம்பி நின்றான். "சும்மா சேறும்மா அது. வத்துற குட்டையில சேறுதான் இருக்கும். நான் சிபாயிஷுக்குப் போய் லாரி பிடிச்சுட்டு வர்றேன். நாளைக்குக் காலையில ஏத்திருவோம். நடக்க வேண்டாம்ல? கஹ்லாவையும் ஏத்திக்கலாம். ஆனா நான் வர்ற வரைக்கும் ஒண்ணையும் வெளிய விடாத. உன் காலைப் பிடிச்சுக் கேக்குறேன்."

"சரிடா, போ."

"சத்தியம்?"

"போடா, வெயில் ஏறுது."

அவள் சத்தியம் பண்ணவில்லை என்பதை அவன் கவனித்திருக்கவேண்டும்.

வெயில் ஏறியதும் எருமைகள் கத்த ஆரம்பித்தன. வாசலில் இருந்தது தண்ணீர் இல்லை, கூழ். அதில் படுத்தால் முதுகு மூழ்காது. எருமைக்கு முதுகு நனையாவிட்டால் உடம்பு கொதிக்கும், பைத்தியம் பிடித்த மாதிரி ஆகிவிடும். மக்கியா குடத்தில் மொண்டு மொண்டு ஊற்றினாள். நானும் ஊற்றினேன். ஊற்றிய இடம் உடனே காய்ந்து வெள்ளையாக உப்புப் பூத்தது. கஹ்லா வடக்கே பார்த்துத் தலையைத் தூக்கிக்கொண்டு நின்றது.

"விட்டுடாத. உன் பிள்ளை என்ன சொன்னான்?" என்றேன்.

"என் பிள்ளை லாரியைப் பத்திச் சொன்னான். அவ தண்ணியைப் பத்திச் சொல்றா." சொல்லிக்கொண்டே வாசல் படலை விலக்கினாள். "அந்திக்குள்ள வந்திருவாங்க, உம் ஹாதி. நயீம் வரும்போது எல்லாம் குளிச்சு நிக்கும், பாரு."

கஹ்லா முதலில் இறங்கியது. பின்னால் வரிசையாக மற்றவை. கடைசியில் எங்கள் இரண்டும், அதற்கும் கடைசியில் ஜர்பாவும். ஜர்பா என்றால் சொறிக்காரி. கன்றாக இருக்கும்போதே சொறி வந்து முடி போய், எப்போதும் வரிசைக்கு வெளியே தள்ளி நிற்கும் ஒரு நோஞ்சான். அதை யாரும் கணக்கில் வைப்பதில்லை. நாணலுக்குள் அவற்றின் முதுகுகள் மறைகிற வரைக்கும் மக்கியா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்தி வந்தது. எருமைகள் வரவில்லை.

மக்கியா மேட்டின் விளிம்பில் நின்று கூப்பிட்டாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கூவல் உண்டு, அவரவர் எருமைக்குத்தான் அது தெரியும். அவளுடையது நீளமாக எழுந்து கடைசியில் இரண்டாக உடையும். கூப்பிட்டாள், நின்று கேட்டாள், மறுபடி கூப்பிட்டாள். முன்பெல்லாம் அந்தக் கூவலுக்குப் பத்து வீட்டிலிருந்து நாய் குரைக்கும். இப்போது எதுவும் இல்லை. எங்கோ மிகத் தொலைவில் ஒரே ஒரு பதில் கேட்டது, எருமைக் குரல். ஆனால் அது வீட்டுக்கு வருகிற குரல் இல்லை. நின்ற இடத்திலேயே நின்று கத்துகிற குரல். நயீம் அப்போதுதான் ஓடத்தைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தான். காலியான வாசலைப் பார்த்தான். அம்மாவை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட எனக்குப் பயம் குறைந்திருக்கும்.

இருட்டில் சேற்றில் இறங்க முடியாது. வெள்ளி முளைத்ததும் நான்கு பேரும் கிளம்பினோம். ஓடம் பாதி தூரம்தான் ஓடியது. பிறகு இறங்கி இழுத்தோம், பிறகு அதையும் விட்டுவிட்டுப் பாய்களையும் கயிறுகளையும் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தோம். வழியெல்லாம் அந்தக் குரல் விட்டு விட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தது. மக்கியா முன்னால் நடந்தாள். "தண்ணியில நின்னு கத்துறா, அவ்வளவுதான்" என்று அவள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

பெரிய குட்டை இருந்த இடத்துக்கு வந்தோம். தண்ணீர் இல்லை. மேலே ஒரு கண்ணாடி மாதிரி மெல்லிய ஈரம், அது காலை வெளிச்சத்தில் மின்னியது. தூரத்திலிருந்து பார்த்தால் யாரும் தண்ணீர் என்றுதான் சொல்வார்கள். அதற்குக் கீழே அடி தெரியாத கறுப்புச் சேறு. நடுவில் கஹ்லா. கழுத்தும் முதுகின் மேல்பகுதியும் மட்டும் வெளியே தெரிந்தன. அதற்கு இந்தப் பக்கம் மூன்று எருமைகள், ஒன்றின் பின் ஒன்றாகப் புதைந்திருந்தன. அவற்றில் இரண்டு அசையவில்லை, அசையாததில் ஒன்று என்னுடையது. மற்றவை விளிம்பில் நின்றன. கஹ்லா கத்தும்போதெல்லாம் விளிம்பில் நிற்பவற்றில் ஒன்று ஓர் அடி உள்ளே வைத்தது. அடுத்த தடவை கத்தும்போது இன்னோர் அடி.

நயீம் ஓடிப்போய் விளிம்பில் நின்றவற்றை அடித்து விரட்டினான். அவை விலகும், கஹ்லா கூப்பிட்டதும் திரும்பி வரும். தலைவி கூப்பிட்டால் போகவேண்டும் என்பதைத்தான் அவை வாழ்நாள் முழுக்கப் படித்திருந்தன. மக்கியா தன் கூவலைக் கூவினாள். ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"நான் போறேன்" என்று அவள் பாயைச் சேற்றின் மேல் விரித்தாள்.

"நான் போறேன்மா."

"நீ கனம். முங்கிருவ. காஞ்சு கிடக்குறவ நான்தான்."

பாய்மேல் பாயாக விரித்து, வயிற்றால் ஊர்ந்து போனாள். அபூ ஹாதி அவள் இடுப்பில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தார். கஹ்லாவின் தலைப்பக்கம் போய்ச் சேர்ந்ததும் அதன் நெற்றியில் தன் நெற்றியை வைத்தாள். பிறகு நிமிர்ந்து, கையை அதன் வலது கண்ணுக்கு முன்னால் சட்டென்று வீசினாள். மறுபடி வீசினாள். இடது பக்கமும் வீசினாள். அவள் என்ன செய்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை.

"நயீம்" என்றாள். அவள் குரல் அத்தனை சாதாரணமாக இருந்தது. "இவளுக்கு ரெண்டு கண்ணும் இல்லடா. இமைக்கவே மாட்டேங்குறா."

அவள் கஹ்லாவின் கழுத்தில் கை போட்டுக்கொண்டாள்.

"மூக்கைத் தூக்குனது வாசனைக்கு இல்ல. கண்ணு தெரியாம முட்டிக்காம இருக்கத் தூக்கியிருக்கா. காலைத் தூக்கித் தூக்கி வச்சதும் அதுக்குத்தான். பழைய வழியில வந்திருக்கா. வழி எல்லாம் சரியாத்தான் வந்திருக்கா." கஹ்லாவின் நெற்றியைத் தடவினாள். "தண்ணிதான் இல்ல."

கஹ்லா மறுபடி கத்தியது. என்னுடைய இரண்டாவது எருமை முழங்கால் வரைக்கும் உள்ளே போனது. நயீம் அதன் கொம்பில் கயிற்றை வீசி இழுத்துப் பிடித்தான். நான் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு இழுத்தேன். கையெல்லாம் உரிந்தது.

"கத்தியைக் குடு" என்றாள் மக்கியா.

"அம்மா."

"இவ கூப்பிடுற வரைக்கும் அதுங்க உள்ளதான் வரும். குடு."

"வயித்துல கன்னு இருக்கும்மா!"

"எனக்குத் தெரியாதா? முந்தாநாள் என் கையைத்தான் உதைச்சுது." முதல் தடவையாக அவள் குரல் உடைந்தது. "அதுக்காகத்தானடா இருந்தேன். குடு."

நயீம் நாணல் அறுக்கும் கத்தியைப் பாயின்மேல் சறுக்கி விட்டான். பிறகு திரும்பிக்கொண்டான். நான் திரும்பவில்லை. யாராவது ஒருத்தராவது அவளோடு பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்று தோன்றியது. அவள் கஹ்லாவின் காதருகே குனிந்து ஏதோ சொன்னாள். ஒரு கையால் இரண்டு கண்களையும் மூடினாள், தெரியாத கண்களைத்தான். பிஸ்மில்லாஹ் சொல்வது விளிம்புவரைக்கும் கேட்டது.

அதற்கப்புறம் சத்தம் இல்லை. சேற்றில் சத்தம் அடங்குவது வேறு மாதிரி. விளிம்பில் நின்ற எருமைகள் காதை முன்னால் திருப்பிக் காத்து நின்றன. ஒன்றும் வராததால் ஒவ்வொன்றாகப் பின்வாங்கின. கயிற்றில் கட்டியதை இழுத்தோம், அது வந்துவிட்டது. உள்ளே உயிரோடு இருந்த ஒன்றையும் பாய் போட்டு, கயிறு போட்டு, வெயில் உச்சிக்கு வருவதற்குள் எடுத்தோம். கஹ்லாவை எடுக்க முடியவில்லை. மக்கியா பாய்களைக்கூடச் சுருட்டவில்லை, கஹ்லா மேலேயே போர்த்திவிட்டு வந்தாள்.

கரையில் நயீம் பிடித்த லாரி நிற்கும் என்ற நம்பிக்கையில் எருமைகளை ஓட்டினோம். அவை நகரவில்லை. அடித்தால் வட்டமாகச் சுற்றிவந்து குட்டையைப் பார்த்து நின்றன. முன்னால் போக ஆள் இல்லை. மக்கியா முன்னால் போய்க் கூவிப் பார்த்தாள். அவளை மதித்துத் தலையைத் திருப்பின, காலை எடுக்கவில்லை. அவள் அப்படியே உப்பு மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சூளையில் புருஷன் செத்தபோதும் உட்காராதவள். அவள் உட்கார்ந்ததைப் பார்த்தபோதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. இவளும் நம்புவதை விட்டுவிட்டால் எங்களை யார் திட்டித் தூக்கி நிறுத்துவது? இத்தனை நாள் அவள்மேல் நான் எரிந்து விழுந்ததெல்லாம் அவள் விழமாட்டாள் என்ற தைரியத்தில்தான்.

"எந்திரி, மக்கியா. ஹமூத் பாத்துக்கிட்டிருப்பான்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அவள் எழுந்திருக்கவில்லை. எழுந்தது ஜர்பா. வரிசைக்கு வெளியே எங்கோ படுத்திருந்தது. எழுந்து, உடம்பை உதறி, கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, தெற்கே, கரைப் பக்கம் பார்த்து நடக்க ஆரம்பித்தது. தலை தரையைப் பார்த்துத் தாழ்ந்திருந்தது. ஒவ்வோர் அடியாகப் பார்த்து வைத்தது. கூட்டத்தில் ஒன்று அதன் பின்னால் காலை எடுத்தது. பிறகு இன்னொன்று.

"நில்லு!" என்று கத்திக்கொண்டு மக்கியா ஓடினாள். ஜர்பாவின் கொம்பைப் பிடித்து நிறுத்தினாள். இடது கண்ணுக்கு முன்னால் கையை வீசினாள். இமைக்கவில்லை. அந்தப் பக்கம் சுற்றி வந்து வலது கண்ணுக்கு முன்னால் வீசினாள். இமை படக்கென்று மூடித் திறந்தது. மறுபடி வீசினாள். மறுபடி மூடித் திறந்தது.

"ஒண்ணு இருக்கு" என்றாள். தலைத்துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள், சேறும் கண்ணீரும் சேர்ந்து அப்பியது. "போதும். நட."

இப்போது நாங்கள் யூப்ரடிஸ் கரையில், பாலத்துக்குக் கீழே, தார்ப்பாய்க் கூடாரத்தில் இருக்கிறோம். மேலே லாரிகள் போகும்போது தேநீர்க் குவளைகள் நடுங்கும். இது உங்கள் இடமில்லை என்று அடிக்கடி யாராவது வந்து சொல்லிவிட்டுப் போகிறார்கள். ஆறு ஓடுகிறது, போன மாதம் ஓடிய இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி ஓடுகிறது. ஹமூதின் வெள்ளை வண்டி இங்கும் ஒருநாள் வந்து பாலத்தின் மேல் நின்றது.

மக்கியா விடிந்ததும் எழுந்துகொள்கிறாள். முதலில் ஜர்பாவிடம் போகிறாள். வலது கண்ணுக்கு முன்னால் கையை வீசிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் ஆற்றுக்கு வந்து தண்ணீரை அள்ளி நாக்கில் வைக்கிறாள். இன்று காலையும் அப்படித்தான்.

"தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

துப்பினாள். "நேத்தைக்கு இன்னைக்கு உப்பு ஏறியிருக்கு, உம் ஹாதி."

அவள் வாயிலிருந்து அதைக் கேட்க எனக்குப் பழகவில்லை.

"ஜர்பா?"

"இமைச்சா" என்றாள்.